ஊட்டியில் 128 காட்டினால் எஞ்சின் போய்விட்டதா?

கேள்வி: உதகமண்டலத்தில் வசிக்கிறேன். என் தந்தை 1998-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்களிடம் இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும்போது, வளைவு திரும்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நீலப் புகை வருகிறது. ஆயில் அடிக்கடி குறைகிறது. ஏற்றத்தில் இழுவையும் இல்லை. பட்டறையில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) பார்த்ததில் 128, 125, 92 பிஎஸ்ஐ என்று காட்டியது. மூன்று சிலிண்டரும் தேய்ந்துவிட்டன, எஞ்சினை இறக்கி ரீபோர் செய்ய வேண்டும், அதாவது சிலிண்டர்களைச் சற்றுப் பெரிதாகக் குடைய வேண்டும் என்கிறார்கள். அந்த வேலையை முதல்முறையாக நானே வீட்டு ஷெட்டில் செய்ய விரும்புகிறேன். முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முடியும். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன், அந்த மூன்று எண்களையும் இன்னொரு முறை படிக்க வேண்டும். ஏனெனில் அவை மலைமேல் எடுக்கப்பட்ட எண்கள்.

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரை ஊர்களில் உள்ளதைவிடக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவு. பிஸ்டன் உள்ளிழுக்கும் காற்றே குறைவாக இருக்கும்போது, அது அழுத்திக் காட்டும் அளவும் குறைவாகத்தான் இருக்கும். சென்னையில் 170 பிஎஸ்ஐ காட்டும் நல்ல எஞ்சின் உங்கள் ஊரில் 130-ஐ ஒட்டியே காட்டும். எனவே உங்கள் முதல் இரண்டு சிலிண்டர்களும் நல்ல நிலையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். சமவெளிக்கான எண்ணை வைத்து அளந்ததால் அவை தேய்ந்தவைபோலத் தோன்றியிருக்கின்றன. மூன்றாவது சிலிண்டரின் 92 மட்டும் உண்மையான குறை, ஏனெனில் ஒரே எஞ்சினின் சிலிண்டர்களுக்குள் 15 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது.

அந்தச் சோதனையை நீங்களே ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், மூன்று பிளக்குகளும் கழற்றப்பட்டிருக்க வேண்டும், பாட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைப் பட்டறைகளில் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு மூன்றாவது சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். எண் நன்றாக ஏறினால் குறை ரிங்குகளிலோ (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள்) சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள தகடு) இருக்கிறது. ஏறாத நிலையில் முதலில் வால்வ் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். இந்த எஞ்சினில் அதை ராக்கர் திருகிலேயே சரிசெய்யலாம். இடைவெளி இல்லாமல் இறுகிப்போன ஒரு எக்ஸாஸ்ட் வால்வ் முழுதாக மூடாமல் கம்ப்ரெஷனைக் கசியவிடும். ஒரு ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) அரை மணி நேரமும் அதற்குப் போதும்.

நீலப் புகையும் என்னை ஹெட் பக்கமே அழைத்துச் செல்கிறது. கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இரண்டாம் கியரில் எஞ்சினையே பிரேக்காக்கி இறங்குகிறீர்கள். அப்போது காற்று நுழையும் திராட்டில் மூடியிருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் மிகுந்து, கடினமாகிப்போன வால்வ் சீல்களின் வழியே ஆயிலை உள்ளே உறிஞ்சுகிறது. அடுத்து நீங்கள் மிதிக்கும் கணத்தில் அந்த ஆயில் எரிந்து புகையாகிறது. ரிங் தேய்ந்த வண்டியாக இருந்தால் ஏற்றத்தில் சுமையுடன் இழுக்கும்போதும் தொடர்ந்து புகைக்கும். உங்கள் கடிதத்தில் ஏற்றத்துப் புகையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஆகவே ஆயில் சோதனையில் எண் ஏறாவிட்டால், ஹெட்டை மட்டும் கழற்றி, வால்வ்களைச் சீட்டில் அமர்த்தி, சீல்களையும் கேஸ்கெட்டையும் மாற்றினால் போதும். முதல்முறை செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தளர்த்துங்கள். பொருத்தும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றுகளாக டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். நேர்ச்சட்டத்தை ஹெட்டின்மீது குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் நுழைந்தால் ஹெட்டை லேத் பட்டறையில் ஃபேசிங் செய்து சமதளமாக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியையும் அப்போதே மாற்றிவிடுங்கள். உங்கள் ஊரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தத்தைப் பிடித்து அதைக் கொதிக்கவிடாமல் காப்பது மூடிதான். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் ஏற்றத்தில் கொதித்து ஹெட் வளைவது சமவெளியைவிட இங்கே எளிது.

ஆயில் விட்டதும் எண் ஏறினால், எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். பிரிப்பது சுலபம், ஒவ்வொரு நிலையிலும் படம் எடுங்கள், போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் இட்டு எழுதிவையுங்கள், டைமிங் குறிகளைப் பெல்ட்டைக் கழற்றுமுன் பாருங்கள். எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கை ஷெட்டின் மரச்சட்டத்தில் மாட்டாதீர்கள். கனெக்டிங் ராடின் தொப்பிகளும் மெயின் பேரிங் தொப்பிகளும் எந்த எண்ணுக்கு, எந்தப் பக்கம் பார்த்து இருந்தனவோ அப்படியே திரும்பப் போக வேண்டும். கழற்றும் முன்பே குறியிடுங்கள்.

உண்மையான வேலை அளப்பதில் இருக்கிறது. இந்த எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68.5 மி.மீ. ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், இரண்டு திசைகளில் போர் கேஜால் அளந்து எழுதுங்கள். மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகமாக இருக்கும். அளவுகள் வரம்புக்குள் இருந்தால் ஹோனிங்கும் (கல்லால் சுவரை லேசாகத் தேய்ப்பது) புது ரிங்குகளும் போதும், தாண்டினால் ரீபோர். போரிங், கிராங்க் கிரைண்டிங் இரண்டையும் கோவையில் பட்டறை பார்த்துக் கொடுங்கள், வீட்டில் முயல வேண்டாம். கொடுக்கும்போது ஓவர்சைஸ் பிஸ்டன்களை வாங்கிக் கையோடு கொண்டுபோக வேண்டும்; பிஸ்டனை அளந்துதான் போரை வெட்ட வேண்டுமேயொழிய, வெட்டிய போருக்குப் பிஸ்டன் தேடக் கூடாது.

திரும்பி வந்த பிளாக்கைச் சூடான தண்ணீரும் சோப்புத்தூளும் கொண்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எண்ணெயைக் கரைக்குமே தவிர, ஹோனிங் கல்லின் பொடியைச் சுவரின் கீறல்களிலிருந்து எடுக்காது. அந்தப் பொடி தங்கினால் புது ரிங்குகளைச் சில நூறு கிலோமீட்டரிலேயே தின்றுவிடும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, உலர்த்தி, உடனே ஆயில் பூசிப் பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள். நான் முதன்முதலில் செய்த எஞ்சினைக் கழுவிவிட்டு, ஆயில் காலையில் பூசிக்கொள்ளலாம் என்று குன்னூரில் ஒரு மழை இரவில் விட்டுவைத்தேன். விடிந்தபோது மூன்று சிலிண்டரிலும் செந்துரு பூத்திருந்தது. மறுபடியும் கோவைக்குத் தூக்கிச் சென்றேன்.

பொருத்தும்போது ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலரால் அளந்து பாருங்கள். இந்தப் போருக்கு மேல் ரிங்கில் கால் மில்லிமீட்டரை ஒட்டி வரும். சரியான வரம்பை ஒர்க்‌ஷாப் மேனுவலில் பாருங்கள். எழுத்துக் குறி உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும், வாய்கள் ஒரே வரிசையில் அமையக் கூடாது. பேரிங் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜால் (நசுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) பார்க்கலாம். தொப்பியை இறுக்கியபின் கிராங்கைச் சுழற்றாமல் திறந்து, நசுங்கிய இழையின் அகலத்தை அதனுடன் வரும் அளவுகோலோடு ஒப்பிடுங்கள். அளந்து முடித்து இறுதியாகப் பூட்டும்போது, ஒவ்வொரு தொப்பியை இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். எந்தத் தொப்பிக்குப் பிறகு அது இறுகுகிறதோ, குறை அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதீர்கள்.

கிளப்புமுன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃபைச் சுற்றவிடுங்கள். கார்புரேட்டரைக் கவனிக்காமல் விட்டால் இவ்வளவு உழைப்பும் வீண். சமவெளிக்கு அமைத்த ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை), ஊட்டியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். பிளக் கரியாக இருந்தால் சிறிய மெயின் ஜெட் போடுங்கள். குளிர் காலையில் சோக்கை இழுத்தபடி நெடுநேரம் ஓடவிடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள், ஏனெனில் மிகுதியான பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும், ரிங் அமராது.

நிறுத்திய இடத்திலேயே நெடுநேரம் ஐடிலில் ஓடவிடாமல், சாதாரண மினரல் ஆயிலோடு குன்னூர் சாலையில் மூன்றாம் கியரில் மிதமாக மிதித்தும் சில நொடிகள் விட்டும் ஏறி இறங்குங்கள். முதல் 500 கிலோமீட்டருக்குக் கல்லட்டி வேண்டாம். அதன் முடிவில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். 1,000 கிலோமீட்டர் ஆனதும் அதே ஷெட்டில், எஞ்சின் சூட்டோடு, கம்ப்ரெஷனை மீண்டும் அளந்து, மூன்று எண்களையும் தேதியோடு பானெட்டின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை யார் கேஜைப் போட்டாலும் அந்த எண்களோடு ஒப்பிடட்டும்.