கேளுங்க, சொல்றேன்: 'கவர்ன்மென்ட் சர்டிஃபைடு'ன்னு ஒருத்தர் கதவைத் தட்டினா

(ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூம்ல பாதி ஆயுசைக் கழிச்சவன்ங்கறதால இந்த மாசம் மெடிக்கல் ரெக்கார்ட் கேள்வி எல்லாத்தையும் ஆசிரியர் என் தலைல கட்டிட்டார்.)

சார், ஜனக்புரில ரெண்டு ரூம் கிளினிக் வெச்சிருக்கேன், இதுவரைக்கும் பேப்பர் கார்டுதான். போன வாரம் சாஃப்ட்வேர் விக்கற பையன் ஒருத்தன் வந்து, "டாக்டர் சாப், எங்களுது கவர்ன்மென்ட் சர்டிஃபைடு, இனிமே இது இல்லாம கிளினிக் நடத்த முடியாது, வாங்கினா கவர்ன்மென்ட்டே காசும் தரும்"னு சொல்றான். நம்பலாமா?
- ஒரு டாக்டர், ஜனக்புரி, டெல்லி

டாக்டர், அவன் சொன்ன மூணுல ரெண்டு தப்பு, ஒண்ணு பாதி உண்மை. பேஷன்ட் ரெக்கார்டை கம்ப்யூட்டர் வழியா இணைக்கற மத்திய அரசு திட்டம் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன், அதான் ஏபிடிஎம், 2021 செப்டம்பர் 27 அன்னிக்கு நாடு முழுக்க ஆரம்பிச்சாங்க, அதுல சேர்றது அவங்கவங்க இஷ்டம்னுதான் வெச்சிருக்காங்க. காசு விஷயம் 2023 ஜனவரில வந்த ஊக்கத்தொகை திட்டம். ஒரு அளவுக்கு மேல ஆபா நம்பரோட (அந்தத் திட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் குடுக்கற ஹெல்த் அடையாள நம்பர்) இணைக்கற ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் 20 ரூபாய்னு அப்ப கணக்கு, ஆனா ஆஸ்பத்திரின்னா குறைஞ்சது 10 பெட் இருக்கணும்னுதான் அறிவிச்சாங்க. உங்க கிளினிக்ல பேஷன்ட் உக்கார்ற பெஞ்சை பெட்டுன்னு கணக்குல எடுத்துக்க மாட்டாங்க.

இப்ப அந்த பாதி உண்மை. ரெக்கார்ட் எந்த ஃபார்மட்ல இருக்கணும், வியாதிக்கு எந்த கோட் போடணும்னு மத்திய சுகாதார அமைச்சகம் 2013ல ஒரு தரநிலை போட்டு 2016ல திருத்தி வெளியிட்டுச்சு. ஆனா வாசல்ல வந்து நிக்கற ஆளுங்க காட்டற லோகோ பெரும்பாலும் அது இல்ல, ஏபிடிஎம்-ல இணைஞ்சதுக்கானது. அதுக்கு சாண்ட்பாக்ஸ்னு ஒரு சோதனைக்களம் இருக்கு, அதுல எம்1, எம்2, எம்3ன்னு மூணு படி, மொதல்ல ஆபா நம்பர் உருவாக்கிச் சரிபார்க்கணும், அப்புறம் உங்க ரெக்கார்டை இணைச்சு அனுப்பணும், கடைசில பேஷன்ட் சம்மதத்தோட வேற எடத்து ரெக்கார்டை வாங்கணும். கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பாத்துக்கற மத்திய அரசு அமைப்பு செர்ட்-இன், அதோட பட்டியல்ல இருக்கற ஆடிட்டர்கிட்ட செக்யூரிட்டி சோதனையும் உண்டு. அதனால எந்தப் படி வரைக்கும் முடிச்சிருக்கீங்கன்னு மொதல்ல கேளுங்க, எம்1 மட்டும் முடிச்சுட்டு சர்டிஃபைடுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. மூணும் முடிச்சிருந்தாலும் சரி, இது போன் கனெக்‌ஷன் குடுத்த மாதிரிதான், லைன் கிடைக்கும், எதிர்ல பேசறவன் உளறினா அதுக்கு லைன் குடுத்தவன் என்ன பண்ணுவான்.

சர்டிஃபிகேட்டை ரொம்ப நம்பினா என்ன ஆகும்ங்கறதுக்கு அமெரிக்கா கதையை சொல்லியே ஆகணும். 2009ல ஹைடெக் சட்டம்னு கொண்டாந்து, சர்டிஃபை ஆன சாஃப்ட்வேரை ஒழுங்கா உபயோகிச்சுக் காட்டினா மெடிகேர் (வயசானவங்களுக்கான அந்த ஊர் அரசு இன்ஷூரன்ஸ்) மூலமா ஒரு டாக்டருக்கு அஞ்சு வருஷத்துல 44,000 டாலர் வரைக்கும்னாங்க, உபயோகிக்காதவங்களுக்கு 2015லேர்ந்து மெடிகேர் பணத்துல பிடித்தம். பின்ன கேக்கணுமா, எல்லாரும் ஓடி ஓடி வாங்கினாங்க. ஈகிளினிக்கல்வொர்க்ஸ்னு ஒரு பெரிய கம்பெனி, டெஸ்ட்டுல கேக்கற 16 மருந்து கோடை மட்டும் சாஃப்ட்வேர்ல நேரா எழுதி வெச்சு பாஸ் ஆயிடுச்சுன்னு அந்த ஊர் நீதித்துறை கேஸ் போட்டுச்சு. மொத்த மருந்துப் பட்டியல்லேர்ந்து எடுக்கணும்ங்கறதுதான் விதி, இது பரீட்சைல வர்ற 16 கணக்கை மட்டும் நெட்டுரு போட்டுட்டுப் போன பையன் கதை. கம்பெனி தப்பை ஒத்துக்கல, ஆனா 2017ல 15.5 கோடி டாலர் கட்டி முடிச்சுக்கிட்டாங்க.

அதனால லோகோவை விட்டுட்டு, நான் வேற சாஃப்ட்வேருக்கு மாறினா என் டேட்டாவை எந்த ஃபார்மட்ல, எத்தனை நாள்ல, எவ்வளவு காசுக்குக் குடுப்பீங்கன்னு கேட்டு எழுத்துல வாங்குங்க. எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு டாக்டர் இதைக் கேக்கல. பேர் எதுக்கு, ஒரு சின்ன கம்பெனி, ஒரு நாள் போனை எடுக்கறதை நிறுத்திட்டான், லைசன்ஸ் முடிஞ்சதும் ஸ்க்ரீன்ல லாகின் பெட்டி மட்டும் வருது. நான் பிரஷர் பாத்துக்கப் போனப்ப கம்பவுண்டர் மேஜைல புது கோடு போட்ட ரெஜிஸ்டர், முதல் பக்கத்துல ஸ்கேல் வெச்சு பேர், வயசு, மருந்துன்னு கட்டம் போட்டுக்கிட்டு இருந்தார், என்னைப் பாத்து "அங்கிள், போன தடவை எந்த மாத்திரை குடுத்தோம்?"ங்கறார். ஆறு வருஷ ரெக்கார்ட் பக்கத்து மேஜை கம்ப்யூட்டர் டப்பாக்குள்ளதான் இருக்கு.

அண்ணா, ஓபிடி கவுன்ட்டர்ல ஆபா நம்பர் குடுத்தாதான் பர்ச்சி, அதான் ஓபிடி சீட்டு, தருவோம்ங்கறாங்க. என் வியாதி எல்லாம் கவுன்ட்டர்ல இருக்கறவனுக்குத் தெரிஞ்சுடுமா?
- ஒரு மாமி, ஆர்.கே.புரம்

தெரியாது மாமி. கவுன்ட்டர்ல ஒட்டியிருக்கற க்யூஆரை ஸ்கேன் பண்ணினா பேர், வயசு, விலாசம் மாதிரி விவரம்தான் போகும், டோக்கன் வரும், அவ்வளவுதான். இது 2022 அக்டோபர்ல நம்ம டெல்லி லேடி ஹார்டிங் ஆஸ்பத்திரிலதான் மொதல்ல வந்துது, கால்வலிக்காரங்களுக்கு அந்த க்யூ மிச்சம். வியாதி ரெக்கார்ட் வேணும்னா தனியா சம்மதம் கேட்டு உங்க போனுக்கு வரும், மாட்டேன்னும் சொல்லலாம். ஆபாங்கற அந்த 14 இலக்க நம்பர் கட்டாயம் இல்ல, அது இல்லாததால வைத்தியத்தை மறுக்கக் கூடாது. பேரன்கிட்ட போனைக் குடுத்து "ஓகே குடுடா"ன்னு மட்டும் சொல்லாதீங்க, எதுக்கு ஓகேன்னு படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

ரிடையர் ஆகி கும்பகோணம் போறோம். இங்க பாத்த 15 வருஷ ரெக்கார்ட் அங்க தானா வந்துடுமா? எல்லாம் கவர்ன்மென்ட் கம்ப்யூட்டர்லதானே இருக்கு?
- மயூர் விஹார் வாசகர்

ரெண்டும் இல்ல. ரெக்கார்ட் உருவான ஆஸ்பத்திரிலயேதான் இருக்கும், ஏபிடிஎம் நடுவுல நின்னு சம்மதம் வாங்கிக் கை மாத்தி விடும், அதுவும் ரெண்டு பக்கமும் இணைஞ்சிருந்தாதான். அந்த ஆஸ்பத்திரி சர்வர் படுத்தா ரெக்கார்டும் சேந்து படுக்கும். 2022 நவம்பர்ல எய்ம்ஸ் சர்வரை ஹேக் பண்ணினப்ப இங்க எத்தனை நாள் எல்லாம் கையாலயே எழுதினாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதனால அந்த பாலிதீன் கவர்ல இருக்கற பழைய பர்ச்சி, எக்ஸ்ரே ரிப்போர்ட் எதையும் பழைய பேப்பர் வாங்கற கபாடிக்காரனுக்குப் போட்டுடாதீங்க. ஆபா ஆப்ல போட்டோ எடுத்து ஏத்திக்கவும் முடியும், நல்ல வெளிச்சத்துல எடுங்க, டாக்டர் கையெழுத்து வெளிச்சத்துலயே புரியாது.