நிறத்தைச் சொல்லாதீர்கள், பெயரைச் சொல்லுங்கள்: மருந்தாளுநர் பதில்கள்

அம்பாசமுத்திரம் வாசகி: மக்கள் மருந்தகத்தில் மூலப்பெயர் மருந்துகளின் விலை பாதியைவிடக் குறைவாக இருக்கிறது. வீரியமும் அப்படித்தான் இருக்குமோ?

விலையைக் கொண்டு வீரியத்தை அளக்க முடியாது. காப்புரிமை முடிந்த மருந்தைப் பலர் தயாரிக்கலாம் என்பதாலும், மூலப்பெயரில், அதாவது நிறுவனம் வைக்கும் வணிகப் பெயரில் அல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில், விற்பதற்கு விற்பனைப் பிரதிநிதிகள் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை என்பதாலும் விலை இறங்குகிறது. நெல்லை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் நம் மக்கள் வரிசையில் நின்று வாங்கும் மாத்திரைகளும், 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பெரும்பாலும் மூலப்பெயரில் கொள்முதல் செய்தவையே.

பாளையங்கோட்டை வாசகர்: மூலப்பெயர் மாத்திரையில் மருந்து 80 சதவீதம் இருந்தாலே போதும் என்று அனுமதிக்கிறார்களாமே?

அரைகுறையாகப் படித்திருக்கிறீர்கள். 80 முதல் 125 சதவீதம் என்பது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவன்று. இரத்தத்தில் மருந்து சேரும் அளவை, முதலில் வந்த நிறுவனத்தின் மருந்தோடு ஒப்பிடும் சோதனையின் புள்ளியியல் எல்லை. அதில் தேறும் மருந்துகளின் சராசரி வித்தியாசம் பெரும்பாலும் சில சதவீதமே.

மேலப்பாளையம் வாசகர்: அப்பா சர்க்கரைக்கு ஒரு சிறிய வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறார். மருந்தகத்தில் வேறொரு வெள்ளை மாத்திரை தந்தார்கள். இரண்டும் ஒன்றா?

வெள்ளை மாத்திரை ஆயிரம் உண்டு. எதைப் பற்றிக் கேட்கிறீர்கள்? மூலப்பெயரும் இல்லை, மில்லிகிராமும் இல்லை. பத்து மாத்திரை வாங்கப் பணமில்லாமல் நான்கை வெட்டி வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரரின் பெட்டியிலேயே தங்கிவிட, பெயரில்லாத துண்டு அட்டையை வீட்டுக்கு எடுத்து வருபவருக்கு மலிவு மருந்தின்மீது ஐயம் வராமல் என்ன செய்யும்? ஒற்றை மருந்து அட்டையில் வணிகப் பெயரைவிட மூலப்பெயர் இரண்டு அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று 2018இல் விதியே வந்துவிட்டது. அதைப் படிக்காமல், கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மருந்தை இரண்டு வணிகப் பெயர்களில் வாங்கி, வேறு வேறு மருந்தென்று எண்ணி இரண்டையும் விழுங்கி, வியர்த்து மயங்கி விழுந்தவரை என் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். சீட்டையும் பழைய அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.

வள்ளியூர் வாசகர்: சீட்டில் உள்ள வணிகப் பெயருக்குப் பதிலாக மலிவானதைத் தரக் கடைக்காரர் மறுக்கிறார்.

மருத்துவர் சீட்டின்பேரில் மட்டுமே விற்க வேண்டிய ‘அட்டவணை எச்’ மருந்தை அவராக மாற்றித் தரச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மூலப்பெயரில் எழுதித் தருமாறு மருத்துவரிடமே கேளுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டாரின் தயக்கமும் பாதி தீர்ந்துவிடும்.

சங்கரன்கோவில் வாசகி: வலிப்புக்கு பெனிடாயின் சாப்பிடுகிறேன். நானும் மலிவான மூலப்பெயர் மருந்துக்கு மாறலாமா?

நீங்களாக மாறாதீர்கள். பெனிடாயின், வார்ஃபரின், லித்தியம் போன்றவற்றில் சிறு ஏற்ற இறக்கமும் தொல்லை தரும். மருத்துவர் அறியாமல் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவவே கூடாது.

களக்காடு வாசகர்: இரத்த அழுத்த மாத்திரையின் நிறம் மாறியிருந்ததால் நிறுத்திவிட்டேன்.

நிறம் வெறும் சாயம்; அழுத்தத்தைக் குறைப்பது உள்ளிருக்கும் மருந்து. சீட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள்.