ஏரிக்கரையில் எங்கே தங்குவது?

கேள்வி: அட்லாண்டாவுக்கு வடக்கே, அலட்டூனா ஏரிக்கரையிலுள்ள ரெட் டாப் மவுண்டன் மாநிலப் பூங்காவில் வயதான பெற்றோருடன் இரண்டு இரவுகள் தங்க எண்ணுகிறோம். கேபின், கூடாரம், படுக்கையும் சமையலறையும் கொண்ட ஆர்வி வண்டி ஆகியவற்றுள் எது ஏற்றது?
– அட்லாண்டா வாசகர்

பதில்: பெற்றோருக்காகவே கேட்கிறீர்கள் என்றால், சமையலறையும் குளியலறையும் உள்ளேயே அமைந்த கேபினைத் தயங்காமல் எடுங்கள். எட்டோவா ஆற்றின் குறுக்கே அணை கட்டியதால் உருவான இந்த ஏரியின் கரையில் ஜூலை மாதத்து இரவிலும் புழுக்கம் குறையாது என்பதால், கூடாரத்தை அக்டோபருக்கு ஒத்திவைப்பதே நல்லது.

வாடகை ஆர்வி எடுப்பதாக இருந்தால், முன்பதிவின்போதே மின் இணைப்பு 30 ஆம்பியரா, 50 ஆம்பியரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னது 120 வோல்ட்டில் 3,600 வாட் மட்டுமே தருவதால், ஏசி ஓடும்போதே மின்சார அடுப்பில் சாம்பாரையும் கொதிக்கவிட்டால் பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிடக்கூடும். மாமியார் சமையலை நிறுத்துவாரா, மாமனார் ஏசியை நிறுத்துவாரா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

விறகை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு செல்லாதீர்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் அதனுடன் சென்று காட்டில் பரவக்கூடும் என்பதால், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.