பருவம் பார்த்துச் சமைக்கும் பிரெஞ்சு வீட்டுச் சமையல்: கேள்வி பதில்

கேள்வி: பாரிஸுக்குக் குடிவந்து சில மாதங்களே ஆகின்றன. பிரெஞ்சுச் சமையலை எங்கிருந்து கற்கத் தொடங்கலாம், ஐயா?

பதில்: சமையல் குறிப்பைத் தேடுவதற்கு முன், உங்கள் பகுதியில் வாரச்சந்தை கூடும் நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் காய் குவிந்து கிடந்து விலையும் இறங்கியிருக்கிறதோ, அதுவே அந்த வாரத்துச் சமையல். காய் விளைந்த நாட்டை விலைப்பலகையில் குறிப்பிட வேண்டும் என்பது விதி; ஜனவரி மாதத் தக்காளியின் பலகையில் மொராக்கோ என்றோ ஸ்பெயின் என்றோ கண்டால், பிரெஞ்சு வயலில் அதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று அறியலாம். குளிர்காலத்தில் லீக்ஸ் (வெங்காய இனத்து நீண்ட தண்டு), முட்டைக்கோசு, கிழங்குகள். ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளை அஸ்பாரகஸ் (தண்ணீர்விட்டான் இனத்து இளந்தண்டு), பச்சைப் பட்டாணி. கோடையில் கத்தரி, தக்காளி, சுக்கினி (வெள்ளரி போன்ற காய்). இலையுதிர் காலத்தில் பூசணியும் காட்டுக் காளானும் வரும்.

இப்போது குளிர்காலமென்றால் லீக்ஸ் உருளைக்கிழங்கு சூப்பில் தொடங்குங்கள். மடல்களுக்கிடையே மண் ஒளிந்திருக்கும் என்பதால் லீக்ஸை நீளவாக்கில் பிளந்து கழுவி, வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, கிழங்கும் தண்ணீரும் உப்பும் சேர்த்து வேகவைத்து மசித்தால் போதும்.

கேள்வி: நான் செய்யும் ரட்டத்தூய் (கத்தரி, சுக்கினி, குடைமிளகாய், தக்காளி சேர்ந்த காய்கறி உணவு) நம் ஊர்க் கூட்டைப்போலக் குழைந்துவிடுகிறதே?

பதில்: எல்லாக் காய்களையும் ஒரே நேரத்தில் சட்டியில் போட்டிருப்பீர்கள். கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கும், சுக்கினி நீர் விடும், குடைமிளகாய் வேக நேரமெடுக்கும். மூன்றும் சேர்ந்தால் ஒன்று விடும் நீரில் மற்றொன்று அவிந்துபோகும், பொன்னிறமும் ஏறாது. ஆகவே ஒவ்வொன்றையும் ஆலிவ் எண்ணெயில் தனித்தனியே வதக்கி எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் வெங்காயம், பூண்டு, தக்காளி, தைம் என்னும் மணத்தழை ஆகியவற்றைச் சுண்டவிட்டு, கடைசியில் அனைத்தையும் ஒன்றுசேர்த்து மெல்லிய தீயில் சுமார் 20 நிமிடம் வையுங்கள். மறுநாள் ஆறிய நிலையில் சாப்பிட்டால் சுவை இன்னும் கூடியிருக்கும். காய்களை மெல்லிய வில்லைகளாக அடுக்கிச் சுடுவது பார்வைக்கு அழகுதான். ஆனால் அது புரோவான்ஸ் பகுதியில் தியான் என்னும் வேறு உணவு. நீஸ் நகரத்து ரட்டத்தூய் கோடைக்குரியது, குளிர்காலத் தக்காளியைக் கொண்டு அதைச் செய்ய முயலாதீர்கள்.

கேள்வி: பெஷமெல் என்னும் வெள்ளைச் சாஸ் கட்டி தட்டுகிறது.

பதில்: 50 கிராம் வெண்ணெயில் 50 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போகும்வரை வறுத்து, அரை லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கம்பிக் கரண்டியால் விடாமல் அடியுங்கள். மாவுத்துகள்களை வெண்ணெய் பூசிப் பிரித்து வைப்பதால்தான் கட்டி விழுவதில்லை. அவசரப்பட்டுப் பாலை மொத்தமாகக் கொட்டினால் கலக்கி முடிப்பதற்குள் மாவு இறுகிவிடும்.

கேள்வி: உருளைக்கிழங்கைப் பாலிலும் கிரீமிலும் சுட்டெடுக்கும் கிராத்தன் தொஃபினுவாவில் எந்தப் பாலாடைக்கட்டியைத் தூவுவது?

பதில்: மரபான முறையில் பாலாடைக்கட்டியே கிடையாது. உருளைக்கிழங்கை 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவியபின் கழுவக்கூடாது. அதன் மாவுச்சத்துதான் பாலையும் கிரீமையும் கெட்டியாக்குகிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒயின் சேர்ப்பதில்லை. புர்கோன் மாட்டிறைச்சிக் குழம்பில் அதற்குப் பதிலாக என்ன ஊற்றலாம்?

பதில்: அந்தக் குழம்பின் உடலே சிவப்பு ஒயின்தான்; நெடுநேரம் கொதித்தாலும் ஆல்கஹால் முற்றிலும் நீங்குவதில்லை. மாற்றுத் தேடுவதைவிட, மாட்டிறைச்சியைக் காரட், டர்னிப், லீக்ஸ் ஆகியவற்றோடு தண்ணீரில் மணிக்கணக்கில் வேகவைக்கும் பொத்தோஃபே செய்யுங்கள். குளிர்காலத்துக்கு அதுவே பொருத்தம்.

கேள்வி: செர்ரிப் பழத்தின் மேல் மாவுக் கரைசலை ஊற்றிச் சுடும் கிளாஃபூத்தியில் பழத்தின் கொட்டையை எடுக்க வேண்டுமா?

பதில்: அந்த இனிப்புக்குப் பெயர்பெற்ற லிமூசன் பகுதியில் எடுப்பதில்லை, கொட்டையிலிருந்து இறங்கும் மெல்லிய பாதாம் மணத்தை விரும்புகிறார்கள், பழச்சாறு மாவில் கசிவதும் குறையும். ஜூன் மாதச் செர்ரி அரை கிலோவுக்கு 3 முட்டை, 100 கிராம் சர்க்கரை, 100 கிராம் மைதா, கால் லிட்டர் பால் என்ற கணக்கில் கரைத்து ஊற்றி, 180 பாகை செல்சியஸில் சுமார் 40 நிமிடம் சுடுங்கள். சாப்பிடுமுன் விருந்தினரிடம் கொட்டை இருப்பதைச் சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கென்றால் எடுத்துவிடுவதே நல்லது.