நியூட்ரல் இல்லாத போர்டு: விளக்குக்கு ரிமோட் வைக்க

மல்லேஸ்வரம் வாடகை வீட்டில், சுவரை உடைக்காமல் அம்மாவின் அறை விளக்குக்கு ரிமோட் வேண்டும், சுவிட்ச்போர்டில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) இல்லை என்றீர்கள். போர்டைத் தொடவே வேண்டாம். ரிமோட் சிக்னலை வாங்கி விளக்கை இயக்கும் ரிசீவரை மேலே, சீலிங் ரோஸ் (விளக்கு ஒயரை இணைக்கும் கூரை மூடி) பக்கம் வையுங்கள். பேஸ் (மின்சாரம் வரும் ஒயர்), நியூட்ரல் இரண்டும் அங்கே வரும். மெயினை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்து, அந்த இரு ஒயரையும் ரிசீவரின் இன்புட்டில் கொடுங்கள், அவுட்புட் விளக்குக்கு. சுவர் சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்கணும்.

நியூட்ரல் வேண்டாத ரிமோட் சுவிட்ச் மாடலைத் தவிருங்கள். அது தனக்கான மின்சாரத்தை விளக்கு வழியாகவே எடுக்கும். 9 வாட் எல்இடி அணைத்த பிறகும் மினுங்கலாம்.

ரேடியோ ரிமோட்டே நல்லது, இன்ஃப்ராரெட்டை அம்மா குறிபார்த்து அழுத்தணும். ரிசீவரை இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் குறையும். கரண்ட் போய் வந்ததும் தானாக எரியாத மாடலாகக் கேட்டு வாங்குங்கள். நடுராத்திரியில் அவர் தூக்கம் கெடக்கூடாது.