ஜி. அரவிந்தன்: கார்ட்டூன் போட்ட கை எடுத்த படங்கள்

"ஓவியம், இசை, நாடகம் என்று பல கலைகளில் இருந்துவிட்டுப் பிறகு திரைப்பட இயக்குநரானவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

யோசிக்கவே வேண்டியதில்லை. எனக்கு மலையாள இயக்குநர் ஜி. அரவிந்தன்தான்.

சின்ன வயதில், தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்கள் போட்ட காலத்தில் அவருடைய 'சிதம்பரம்' பார்த்தேன். நம்ம ஊர்ப் பெயராக இருக்கிறதே என்று அப்பாதான் டிவியைப் போட்டார். அரை மணி நேரத்தில் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். எனக்கு மட்டும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஏன் என்று புரிய ரொம்ப வருடம் ஆயிற்று.

அரவிந்தன் 1935-இல் கோட்டயத்தில் பிறந்தார். அப்பா நகைச்சுவை எழுத்தாளர். மகன் படித்தது தாவரவியல், பார்த்தது ரப்பர் போர்டு உத்தியோகம். அந்த வேலையில் இருந்துகொண்டே 1961 முதல் மாத்ருபூமி வார இதழில் 'சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்' என்ற கார்ட்டூன் தொடரை வரைந்தார். பத்து வருடத்துக்கு மேல் வந்த தொடர் அது. அதன் நாயகன் ராமு வேலை கிடைக்காத இளைஞனாக அறிமுகமாகிறான். வருடங்கள் போகப் போக வசதி வருகிறது, ஆளும் மாறிப்போகிறான். கார்ட்டூன் பாத்திரங்கள் என்றால் எத்தனை வருடமானாலும் அதே வயதில், அதே சட்டையில்தானே இருக்கும்? ராமுவுக்குக் காலம் ஓடியது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அவர் 'இயக்குநராக மாறினார்' என்று சொல்லவே தோன்றுவதில்லை. வாரம் ஒரு பக்கமாகப் படம்தான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

1974-இல் முதல் படம் 'உத்தராயணம்'. சினிமாக் கல்லூரிப் படிப்பும் கிடையாது, யாரிடமும் உதவி இயக்குநராக இருந்ததும் கிடையாது. அடுத்து வந்த 'காஞ்சன சீதா'வில் ராமனாகவும் லட்சுமணனாகவும் ஆந்திரக் காட்டின் செஞ்சுப் பழங்குடியினரை நடிக்க வைத்தார். சீதைக்கு நடிகையே இல்லை. காற்றில் இலை அசையும், ஆறு ஓடும், அதுதான் சீதை. அந்தப் படத்துக்குச் சிறந்த இயக்குநர் தேசிய விருது கிடைத்தது. அதற்கடுத்த 'தம்பு'வுக்கும் அதே விருது.

'தம்பு'வைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லியாக வேண்டும். தம்பு என்றால் கூடாரம். பாரதப்புழைக் கரையில் இருக்கும் திருநாவாயாவுக்கு ஒரு நிஜ சர்க்கஸ் கூட்டத்தை அழைத்துப்போய், எழுதி வைத்த திரைக்கதை இல்லாமலே எடுத்தார். ஊர் ஜனம் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தது. காமிரா வித்தைக்காரர்களை விட்டுவிட்டு அந்த முகங்களைப் பிடித்தது. வாயைப் பிளந்து அண்ணாந்து பார்க்கும் கிழவர்கள், பயத்தில் கண்ணை மூடும் குழந்தைகள். பல வருடம் மனித முகங்களை வரைந்து பழகிய ஒருவருக்குத்தான் நிகழ்ச்சி நடக்கும்போது கூட்டத்தின் பக்கம் திரும்பத் தோன்றும். 2022-இல் இந்தப் படத்தைப் புதுப்பித்து கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள்.

அவருடைய காதும் கண்ணுக்குச் சளைத்ததில்லை. 'போக்குவெயில்' படத்துக்கு ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலும் ராஜீவ் தாராநாத்தின் சரோத் என்ற தந்தி வாத்தியமும் முக்கியம். இசையை முன்னால் வைத்து, அதன் போக்கில் காட்சிகளை அமைத்தார். இன்னொரு மலையாள இயக்குநரான ஷாஜி என். கருணின் 'பிறவி' படத்துக்கு இசையமைத்தவர்களில் அவரும் ஒருவர். காவாலம் நாராயண பணிக்கரின் நாடகத்தை மேடை இல்லாமல் மரங்களுக்கு நடுவே நடத்திய அனுபவமும் உண்டு. அவர் எடுத்த 'கும்மாட்டி' படத்தில் மாயவித்தைக்காரக் கிழவன் வெட்டவெளியில் பாடி ஆடி வருவதைப் பார்த்தால் அரவிந்தனுக்குள் இருந்த நாடகக்காரர் தெரிவார்.

1991 மார்ச்சில், 56 வயதில் போய்விட்டார். அந்த வயதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

'சிதம்பரம்' கதைக்கே வருகிறேன். மூணாறுப் பக்கம் மாட்டுப்பண்ணையில் வேலை செய்யும் முனியாண்டி (ஸ்ரீநிவாசன்), தமிழ்நாட்டிலிருந்து சிவகாமியைக் (ஸ்மிதா பாட்டீல்) கட்டிக்கொண்டு வருகிறான். அங்கே அதிகாரியாக இருக்கும் சங்கரனுக்கும் (கோபி) அவளுக்கும் உறவு ஏற்படுகிறது. முனியாண்டி தூக்குப் போட்டுக்கொள்கிறான். குற்ற உணர்வில் ஊர் ஊராக அலைந்த சங்கரன் கடைசியில் சிதம்பரம் கோயிலுக்கு வருகிறான். வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் காசு கொடுக்கக் குனிகிறான். அவள் நிமிர்கிறாள். சிவகாமி.

ஒரு வார்த்தை வசனம் இல்லை. காமிரா அவர்களை அங்கேயே விட்டுவிட்டுக் கோபுரத்தில் மெல்ல மெல்ல ஏறுகிறது, நிலை நிலையாக, கலசத்தையும் தாண்டி வானத்துக்கு.