தண்டையார்பேட்டையிலிருந்து சிங்கப்பூர் வந்த தம்பிக்கு

தம்பி,

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் இருந்தவரை ஏழை வீடுகளைச் சந்தித்து உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபை, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம், தவக்காலத்தில் சிலுவைப்பாதை என்று வாரம் முழுக்கப் பங்குக் கோயிலில்தான் கிடந்தீர்கள். சிங்கப்பூர் வந்து நான்கு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறீர்கள், அறைக்குத் திரும்புகிறீர்கள். "இங்கே என்னால் யாருக்கும் எதுவும் ஆக வேண்டியதில்லை அக்கா. விசுவாசம் ஒரு மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது. அறையில் இருக்கிற மூன்று பேரும் வேறு மதம். அவர்களிடமாவது இயேசுவைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்கிறீர்கள்.

நான் ராயபுரத்துக்காரி. படகுக்காரர்கள் சேர்ந்து கட்டிய புனித பேதுரு கோயில் மணிச்சத்தத்தில் வளர்ந்தவள். இங்கே குடியேறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த உரிமையில் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் சேவையை யாரும் தேடிப் போவதில்லை. அது வாசலில் வந்து நிற்கும். தெருவில் ஒரு சாவு விழுந்தால் ஐஸ் பெட்டிக்கு ஒருவன் ஓடுவான், சாமியாரிடம் சொல்ல ஒருவன், காசிமேடு கல்லறைக்கு ஒருவன். பந்தல்காரன் வருவதற்குள் எதிர்வீட்டு பாய் வீட்டிலிருந்து தேநீர் வந்துவிடும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் என்றால், இரவுத் துணைக்கு யார், காலையில் இட்லி யார் வீட்டிலிருந்து என்பதெல்லாம் குழாயடியிலேயே முடிவாகிவிடும். இதில் பாதிப் பேர் ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வராதவர்கள். தெரு செய்த வேலைக்குப் பங்கின் சபைகள் ஒரு பெயரும் ஒரு கணக்கு நோட்டும் கொடுத்தன. வின்சென்ட் சபைக்காரர்கள் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம், என் அப்பாவும் அதில் இருந்தவர்தான்.

ஆகவே நீங்கள் இழந்தது பங்கை என்று நினைக்கிறீர்கள். பங்கு இங்கேயும் இருக்கிறது. ஓஃபீர் ரோட்டில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே கட்டப்பட்டது. இன்றும் அங்கே தமிழில் பூசை நடக்கிறது. பிப்ரவரி 11 வந்தால் பெரம்பூர் லூர்து மாதா கோயிலை நினைத்து ஏங்க வேண்டிய அவசியமில்லை. இங்கே இல்லாதது அந்தத் தெரு. அடுக்குமாடியில் கதவைச் சாத்திவிட்டால் எதிர்வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது தெரியாது. கீழ்த்தளத்தில் மேசை நாற்காலி போட்டுத் துக்கம் நடக்கும். அதே மின்தூக்கியில் பத்து வருடம் ஏறி இறங்கியவரின் பெயரை அங்கே வைத்திருக்கும் படத்தைப் பார்த்துத்தான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். தேவை இல்லாத ஊர் என்று எதுவும் கிடையாது, தம்பி. இந்த ஊரில் அது சத்தம் போடாது, அவ்வளவுதான்.

எங்கே இருக்கிறது என்று கேட்டால், முதலில் உங்களைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிறவர்களிடம். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனால் ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். அவர்களில் கையில் கட்டோடு உட்கார்ந்திருப்பவரைத் தேடிப் பாருங்கள். வேலையில் அடிபட்டு, வழக்கு முடியும்வரை ஊருக்கும் போக முடியாமல், வேலைக்கும் போக முடியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்காகவே டிடபிள்யூசி2 என்ற அமைப்பு லிட்டில் இந்தியாவில் 2008 முதல் இலவசச் சாப்பாடு கொடுத்து வருகிறது. அது மத அமைப்பு இல்லை. அதனால் என்ன, பசிக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிற வழக்கம் நமக்கும் இல்லையே. கிறிஸ்தவரான டாக்டர் கோ வெய் லியோங்கும் நண்பர்களும் 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ், குறைந்த கட்டணத்தில் இந்தத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்கிறது. இந்த இரண்டு இடத்திலும் தமிழ் பேசத் தெரிந்தவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அதுவே பெரிய உதவி. உங்களிடம் பணம் இல்லையென்று எழுதியிருந்தீர்கள். நாக்கு இருக்கிறதே.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். விழுப்புரம் பக்கத்துப் பிள்ளை, இருபத்து மூன்று வயது இருக்கும். இயந்திரத்தில் இரண்டு விரல் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். நிறுவனத்தின் ஆள் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். பையன் புத்திசாலி, கை வலிக்கிறது, பிறகு போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அதைத் தலையணைக்கு அடியில் மடித்து வைத்திருந்தான். நான் போனதும் ஜெபமாலையைத்தான் எடுக்கப்போனேன். அவன் அந்தத் தாளை எடுத்து நீட்டினான். வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனிதவள அமைச்சிடம் கோரிக்கை வைக்க வேண்டும் என்பதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, அம்மாவுக்கு போன் போட்டுக் கொடுங்கள், நான் பேசும்போது குரல் மாறினால் மட்டும் நீங்கள் வாங்கிப் பேசுங்கள், விரல் விஷயம் சொல்லிவிடாதீர்கள்" என்றான். குரல் மாறியது. நான் வாங்கி, சாப்பாட்டுக் கடையில் பழக்கமான அக்கா என்று சொல்லி, பையன் இளைக்கவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறான் என்று பேசி வைத்தேன். இந்தப் பொய்யை ஒப்புரவில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், சொல்ல வேண்டுமா என்று நம் சாமியாரிடம் இன்னும் கேட்கவில்லை.

ஜெபமாலை அன்று பையிலேயே இருந்தது. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் கணக்குக் கேட்கப்படும்போது உணவு, தண்ணீர், உடை, நோய், சிறை, அந்நியர் என்று பட்டியல் நீள்கிறது. அந்நியர் என்ற இடத்தை ஊரில் நாம் வேகமாகத் தாண்டிவிடுவோம், ஏனென்றால் ராயபுரத்தில் நமக்கு யாரும் அந்நியரில்லை. இங்கே வந்த பிறகுதான் அந்த வரியில் நின்று படிக்கிறேன்.

அறைத் தோழர்களைப் பற்றிக் கேட்டீர்கள். பேசலாமா என்றால், அவர்களாகக் கேட்டால் பேசுங்கள். கேட்காதவரை துண்டுப் பிரசுரத்தைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். இது நல்ல பழக்கம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மத நல்லிணக்கத்தைக் காக்க இங்கே 1990இலேயே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். ஒரு மதத்தவர் இன்னொரு மதத்தைத் தாழ்த்திப் பேசுவதை இந்த ஊர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது. தெருவிலோ வீடு வீடாகவோ போய்ப் பணம் திரட்டவும் முன்கூட்டியே அனுமதி வேண்டும். நம் ஊரில் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவதை மறந்துவிடுங்கள். எதுவானாலும் ஏற்கெனவே பதிவு பெற்று நடக்கிற ஓர் அமைப்பின் வழியாகச் செய்யுங்கள். இதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒலிபெருக்கி இல்லாத விசுவாசம் எப்படியிருக்கும் என்று ஊரில் நமக்குத் தெரிய வாய்ப்பே இருந்ததில்லை.

அறையில் உங்கள் சாட்சியம் அடுப்பில்தான் இருக்கிறது. மூவரில் ஒருவர் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். காசிமேட்டுக் கருவாட்டை அம்மா கட்டிக் கொடுத்திருப்பார். தெரியும், எனக்கும் நாக்கில் ஊறுகிறது. அவர் இரவு வேலைக்குப் போகிற நாள் பார்த்து வறுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். பாத்திரத்தை அப்போதே கழுவிவிடுங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் தோழர் விடியற்காலையில் எழும்போது முகம் சுளிக்காதீர்கள், முடிந்தால் ஒருநாள் நீங்களே சோறு வடித்து வையுங்கள். சென்னை ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனை பேர் பொட்டு வைத்தவர்கள் என்று பார்த்திருப்பீர்கள். அவர்களை யாரும் பேசி அழைத்து வரவில்லை.

இனி, யாரும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்ப் பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது "தம்பிக்கு எந்த ஊர், எந்தப் பங்கு, அப்பா என்ன செய்கிறார்?" என்று வரிசையாகக் கேட்பார்கள். பெரும்பாலும் பாசத்தில்தான். சில நேரம் மூன்றாவது கேள்விக்குப் பின்னால் சாதி நிற்கும். கடல் தாண்டி வந்தும் அதைப் பெட்டியில் மடித்துக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, அந்த வட்டத்தில் உட்காரவும் வேண்டியதில்லை. தமிழ்ப் பூசையோடு நின்றுவிடாமல், உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள பங்கிலும் ஆங்கிலப் பூசைக்குப் போய்ப் பாருங்கள். வின்சென்ட் தே பவுல் சபை அங்கேயும் இருக்கும். 1833இல் பாரீசில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய அதே சபைதான். தண்டையார்பேட்டையில் இருவர் இருவராக வீடு சந்தித்தது போலவே இங்கேயும் சந்திக்கிறார்கள். உங்கள் ஜோடி ஒரு சீனப் பாட்டியாகவோ பிலிப்பினோ அக்காவாகவோ இருக்கலாம். அவரோடு ஓர் ஓரறை வீட்டுக்குப் போய், தனியாக இருக்கிற முதியவர் எதிரில் மொழி தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது நல்ல பயிற்சி.

ஊருக்குப் பணம் அனுப்புவது பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப்போனபோது இங்கிருந்து பலர் அனுப்பினோம். மீன்பிடிக்கப் போக முடியாத வீடுகளுக்கு அது வேண்டியிருந்தது. அப்படி அனுப்புங்கள், யார் கைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். திருவிழா ஃபிளெக்ஸில் "சிங்கப்பூர்" என்று அடைமொழி போட்டு உங்கள் படம் வருவதற்காக அனுப்புவது வேறு வகை, அதற்கு நான் பதில் சொல்லும் ஆள் இல்லை. சம்பளம் ஏற ஏற, நேரத்துக்குப் பதில் பணத்தைக் கொடுத்துவிடுகிற சுகம் பழகிவிடும். இங்கே பலரிடம் அதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை, எது வந்தாலும் மாற்றாத ஒரு மாலை போதும். இதற்கிடையில் உங்களுக்கே காய்ச்சல் வந்தால் யாரிடமாவது சொல்லுங்கள், அவர் கஞ்சி கொண்டு வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஊரில் கொடுத்தே பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொள்ளக் கூச்சம் அதிகம்.

புதன்கிழமை காலை உங்களுக்கு வேலை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பிளாக்கில் நான்காவது மாடியில் ஒரு தமிழ்ப் பெரியவர் இருக்கிறார், கண் பரிசோதனைக்குப் போக வேண்டும், சொட்டு மருந்து விட்டால் திரும்பி வரும்போது பார்வை மங்கலாக இருக்கும். எனக்கு அன்று அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. எட்டரை மணிக்குள் வந்தால் போதும். காது கொஞ்சம் மந்தம், உரக்கப் பேசுங்கள். எம்ஜிஆரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.